ஸ்லைடு படங்களுக்கு கேப்ஷன், அம்புக்குறி, டிக் மார்க்: சேர்ப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பவர்பாயிண்டைத் திறந்து ஒரு படத்தை ஸ்லைடில் ஒட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. இன்சர்ட் டேபில் 'பிக்சர்ஸ்' கிளிக் செய்து பைலைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்து உட்கார்ந்துவிடும். வேலை முடிந்தது என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்தப் படத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது போட்டவருக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் படத்தின் கீழே ஒரு கேப்ஷன், படத்தின் மேலே அம்புக்குறி, வட்டம் போன்ற அடையாளங்கள்.

இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது என் சித்தியால். அவர் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு இதயம் பற்றிய பாடம். புதிதாக வாங்கிய லேப்டாப்பில், இன்டர்நெட்டிலிருந்து பளிச்சென்று ஒரு இதயப் படத்தை எடுத்து ஸ்லைடு முழுக்கப் போட்டு, புரொஜக்டரில் காட்டி, வாயால் விளக்கியிருக்கிறார். பிள்ளைகளும் ஆர்வமாகப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வகுப்புத் தேர்வில் பாகங்களைக் குறிக்கச் சொன்னால், பாதிப் பேர் இடமும் வலமும் மாற்றி எழுதிவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் 'உடலில் நீல ரத்தம், சிவப்பு ரத்தம் என இருவகை ரத்தம் உண்டு' என்று எழுதியிருந்தார்களாம்.

"ஏண்டா, இவ்வளவு அழகா படம் போட்டேன். பசங்க இப்படி எழுதியிருக்காங்களே?" என்று போனில் கேட்டார்.

"ஸ்லைடை அனுப்புங்க சித்தி, பார்க்கிறேன்" என்றேன். பார்த்தேன். படம் அழகுதான். ஆனால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

இதயப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு எதிரே நிற்பவரின் இதயமாக அதை வரைவார்கள். எனவே படத்தின் இடப்பக்கம் இருப்பது அவருடைய வலது ஆரிக்கிள். இது புத்தகத்தில் படிக்கும்போது பெயர்கள் அச்சாகி இருப்பதால் தெரிந்துவிடும். வெறும் படத்தைத் திரையில் பார்க்கும் பிள்ளை, இடப்பக்கம் இருப்பதை இடது என்றுதான் நினைக்கும். அதேபோல ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நீலத்தில் வரைவது ஒரு வசதிக்காக. நிஜத்தில் அது அடர் சிவப்புதான். இதைச் சித்தி வகுப்பில் வாயால் சொல்லியும் இருக்கிறார். கண்ணுக்கு முன்னால் நீலம் இருக்கும்போது காதில் விழுந்தது நிற்கவில்லை.

அன்று இரவு போனிலேயே ஒரு மணி நேரம் அந்த ஸ்லைடைச் சரி செய்தோம். அப்போது செய்ததையும், எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் போடுவது இதயப் படமாக இல்லாமல் வீட்டுக் கல்யாண ஆல்பமாகவோ கடையின் பொருள் பட்டியலாகவோ இருக்கலாம். வழி ஒன்றுதான்.

கேப்ஷன் எங்கே இருக்கிறது?

வேர்டில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் 'இன்சர்ட் கேப்ஷன்' என்று ஒரு பிரிவு கிடைக்கும். அதே பழக்கத்தில் பவர்பாயிண்டிலும் தேடுவீர்கள். கிடைக்காது, அப்படி ஒரு கட்டளையே பவர்பாயிண்டில் இல்லை. இங்கே டெக்ஸ்ட் பாக்ஸ்தான் கேப்ஷன்.

முதலில் ஹோம் டேபில் 'லேஅவுட்' கிளிக் செய்து 'டைட்டில் ஒன்லி' அல்லது 'பிளாங்க்' தேர்ந்தெடுங்கள். 'கிளிக் டு ஆட் டெக்ஸ்ட்' என்று புள்ளிக் கட்டத்துடன் வரும் லேஅவுட்டில் படத்தைப் போட்டால், பிறகு படத்தையும் கேப்ஷனையும் ஒன்றாகக் கட்டும்போது தகராறு செய்யும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். படத்தை இன்சர்ட் செய்து, மூலையில் உள்ள சிறு வட்டத்தைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குங்கள். பக்கவாட்டில் உள்ள வட்டத்தைப் பிடித்து இழுத்தால் படம் நசுங்கும். மூலையை மட்டும் பிடிக்கவும். கீழே கேப்ஷனுக்கு இடம் விட வேண்டும். சித்தி படத்தை ஸ்லைடு முழுக்கப் பரப்பியிருந்ததால் எழுத இடமே இல்லாமல் இருந்தது.

இப்போது இன்சர்ட் டேபில் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' கிளிக் செய்து, படத்தின் கீழே படத்தின் அகலத்துக்கே ஒரு கட்டம் இழுத்து டைப் செய்யவும். கட்டம் இழுக்காமல் வெறுமனே கிளிக் செய்து டைப் செய்தால் வரி மடங்காமல் ஸ்லைடுக்கு வெளியே ஓடும். அடுத்து படத்தைக் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி டெக்ஸ்ட் பாக்ஸையும் கிளிக் செய்தால் இரண்டும் தேர்வாகும். 'அலைன்' பிரிவில் 'அலைன் சென்டர்' கொடுத்தால் இரண்டும் ஒரே நடுக்கோட்டில் வந்து நிற்கும். கண் அளவில் நகர்த்திக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சித்தி முதலில் டைப் செய்தது 'மனித இதயம்'. அது இதயம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? தலைப்பிலேயே இருக்கிறதே! பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாததைச் சொல்வதே கேப்ஷனின் வேலை. கடைசியில் நாங்கள் போட்டது இது: 'எதிரே நிற்பவரின் இதயம். படத்தின் இடப்பக்கம், அவருக்கு வலப்பக்கம்.' இரண்டே வரி. இரண்டு வரிக்கு மேல் போனால் அது கேப்ஷன் அல்ல, பாராவாகிவிடும். திரையில் பாரா படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

எழுத்தின் அளவு 20 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம்; இடம் இருந்தால் 24. தமிழில் சொற்கள் நீளமாக இருப்பதால் வரியில் அடங்காது. உடனே நாம் எழுத்தைச் சிறிதாக்கப் போவோம். எழுத்தைக் குறைக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள். ஸ்லைடை முழுத் திரையில் ஓட விட்டு, லேப்டாப்பிலிருந்து எட்டு அடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாவிட்டால் கடைசி பெஞ்ச் பையனாலும் முடியாது.

படத்தின் கீழே இடமே இல்லை என்றால் படத்தின் மேலேயே கேப்ஷனை வைக்கலாம். வெறுமனே வைத்தால் எழுத்து படத்துக்குள் கரைந்துவிடும். டெக்ஸ்ட் பாக்ஸில் ரைட் கிளிக் செய்து 'பார்மட் ஷேப்' திறந்து, 'சாலிட் பில்' கொடுத்து கறுப்பு நிறம் தேர்வு செய்து, 'டிரான்ஸ்பரன்ஸி' 30 சதவீதம் வைக்கவும். எழுத்தை வெள்ளையாக்கவும். பின்னால் படமும் லேசாகத் தெரியும், எழுத்தும் தெளிவாக இருக்கும்.

நிறையப் படங்கள் உள்ளவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. விண்டோஸ் பவர்பாயிண்டில் இன்சர்ட் டேபில் 'போட்டோ ஆல்பம்' கிளிக் செய்து படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுங்கள். 'பிக்சர் லேஅவுட்' என்ற இடத்தில் 'பிட் டு ஸ்லைட்' என்று இருப்பதை '1 பிக்சர்' என மாற்றினால், அதுவரை மங்கலாக இருந்த 'கேப்ஷன்ஸ் பிலோ ஆல் பிக்சர்ஸ்' என்ற கட்டம் உயிர் பெறும். அதில் டிக் செய்து 'கிரியேட்' கொடுத்தால் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தப் பைலின் பெயரே கேப்ஷனாக வந்துவிடும். எனவே முன்கூட்டியே போல்டரில் படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டால் நாற்பது படத்துக்கும் கேப்ஷன் தயார். கேமராவோ மொபைலோ கொடுத்த பெயரை மாற்றாமல் விட்டால், தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்திப் படத்துக்குக் கீழே பத்து இலக்க எண் ஒன்று கேப்ஷனாக நிற்கும்.

அம்புக்குறி

இன்சர்ட் டேபில் 'ஷேப்ஸ்' கிளிக் செய்தால் கோடு, அம்பு, வட்டம், பேச்சுக் குமிழி என எல்லாம் கிடைக்கும். 'லைன்ஸ்' பிரிவில் உள்ள அம்பைத் தேர்ந்தெடுத்து, பெயர் இருக்கும் இடத்தில் தொடங்கி பாகம் இருக்கும் இடம் வரை இழுக்கவும். ஷிப்ட் கீயை அழுத்தியபடி இழுத்தால் கோடு வளையாமல் நேராக வரும். வட்டம் போடும்போதும் ஷிப்ட் அழுத்தினால்தான் சரியான வட்டம், இல்லாவிட்டால் முட்டை. வட்டத்துக்குள் நிறம் நிரம்பிப் படத்தை மறைக்கும். 'ஷேப் பில்' சென்று 'நோ பில்' கொடுக்கவும். கோட்டின் தடிமனை 'வெயிட்' என்ற பிரிவில் 3 பாயிண்டாவது வையுங்கள். பவர்பாயிண்ட் தானாகத் தரும் மெல்லிய கோடு புரொஜக்டரில் காணாமல் போய்விடும். ஒரு அம்பைச் சரியாக அமைத்துவிட்டால் அதைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். அதே தடிமன், அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்கும்.

எங்கள் இதய ஸ்லைடில் இரண்டு விதமான அம்புகள் வந்துவிட்டன. பாகத்தின் பெயரைக் காட்டும் அம்பு ஒன்று, ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் அம்பு இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குழப்பம்தான். 'வலது ஆரிக்கிள்' என்ற பெயரிலிருந்து போகும் அம்பை, ரத்தம் அங்கே பாய்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்தால் தவறு சொல்ல முடியாது. எனவே பெயர்களுக்கு முனை இல்லாத வெறும் சாம்பல் கோடு. ரத்த ஓட்டத்துக்கு மட்டும் தடித்த அம்பு என்று மாற்றினோம். ஓர் அடையாளம் ஒரு ஸ்லைடில் ஒரு பொருளைத்தான் தர வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. பழைய புரொஜக்டரில் சிவப்பு வெளுத்துப் போகும். சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் எல்லாம் சாம்பல். எனவே நிறத்தோடு எண்ணும் போட்டோம்: 1 பெருஞ்சிரை, 2 வலது ஆரிக்கிள், 3 வலது வென்ட்ரிக்கிள், 4 நுரையீரல் தமனி என்று பெருந்தமனி வரைக்கும். எண் வரிசையே ரத்தம் போகும் வழி. 'தமனி என்றால் சிவப்பு' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், நுரையீரல் தமனி மட்டும் நீலமாக இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள் என்று சித்தி பிறகு சொன்னார். ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு 'நீலம்: ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நிஜத்தில் அடர் சிவப்பு' என்றும் எழுதிவிட்டோம்.

கட்டி வைத்தால் கலையாது, ஆனால்...

எல்லாம் முடிந்த பிறகு சித்தி படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். படம் போனது. கேப்ஷனும் பெயர்களும் இருந்த இடத்திலேயே நின்றன. இதைத் தடுக்க, தொடர்புள்ளவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஜி அழுத்த வேண்டும். இதன் பெயர் குரூப். பிறகு எல்லாம் ஒரே பொருளாக நகரும். பிரிக்க கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜி. குரூப் என்ற பிரிவு மங்கலாக, கிளிக் செய்ய முடியாமல் இருந்தால், தேர்ந்தெடுத்தவற்றில் லேஅவுட்டோடு வந்த புள்ளிக் கட்டம் ஒன்று கலந்திருக்கும். அவற்றைக் குரூப் செய்ய முடியாது. அதனால்தான் முதலிலேயே வேறு லேஅவுட் எடுக்கச் சொன்னேன். இன்னொன்று, குரூப்பை இழுத்துப் பெரிதாக்கினால் படம் பெரிதாகும். எழுத்தின் அளவு அப்படியே இருக்கும். அதை நீங்கள்தான் தனியாக மாற்ற வேண்டும்.

பணம் கொடுத்து ஆபீஸ் வாங்காமல், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும். அதில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜி என்பது குரூப் செய்வதற்கான கீ. பவர்பாயிண்டில் பிரிக்கும் கீ, இங்கே சேர்க்கும் கீ! இரண்டிலும் வேலை செய்யும் நான் இன்றைக்கும் மாற்றி அழுத்துகிறேன்.

குரூப் செய்ததில் நான் ஒரு தவறும் செய்தேன். ரத்த ஓட்ட அம்புகள் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒவ்வொன்றாக வருமாறு சித்தி அனிமேஷன் கொடுத்திருந்தார். நான், "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி குரூப் பண்ணிடுங்க" என்று சொல்ல, அத்தனை அனிமேஷனும் போய்விட்டது. தனித்தனியே அனிமேஷன் கொடுத்த பொருள்களைக் குரூப் செய்தால் அவை அழிந்துவிடும். நல்ல வேளை, கண்ட்ரோல் + இசட் இருக்கிறது. படம், கேப்ஷன், பெயர்க் கோடுகள் ஒரு குரூப். தனியாகத் தோன்ற வேண்டிய அம்புகளைச் சேர்க்காமல் விட்டுவிடவும். அம்புகளுக்கு 'அனிமேஷன்ஸ்' டேபில் 'வைப்' என்ற எபெக்ட் பொருத்தம். 'எபெக்ட் ஆப்ஷன்ஸ்' சென்று அம்பு போகும் திசையையே கொடுத்தால் ரத்தம் ஓடுவது போலவே இருக்கும். சுழன்று வருவது, துள்ளி வருவது எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், இதயத்தைப் பார்க்க மாட்டார்கள்.

டிக் மார்க் போட்டால் 'யு' வந்த கதை

இது என் கதை. இன்ஜினியரிங் கடைசி வருட புராஜெக்ட் ரிவியூ. 'ஏற்கெனவே உள்ள முறை', 'எங்கள் முறை' என்று இரண்டு பத்திகளில் ஒரு அட்டவணை. எங்கள் முறைக்கு நேராக எல்லாம் டிக். பழைய முறைக்கு நேராக எல்லாம் பெருக்கல் குறி. ரூமில் என் லேப்டாப்பில் அருமையாக இருந்தது. ரிவியூ நடந்த ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால், இரண்டு பத்திகளிலும் 'யு' என்ற ஆங்கில எழுத்து. ஒன்றின் தலையில் இரண்டு புள்ளி, இன்னொன்றின் தலையில் ஒரு தொப்பி. வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம், தம்பி?" என்று கேட்டார். வாயால் சொல்லிச் சமாளித்தேன். அந்த ஸ்லைடை நம்பித்தான் பேச்சையே தயார் செய்திருந்தேன். நாக்கு வறண்டுவிட்டது.

காரணம் விங்டிங்ஸ். மைக்ரோசாப்ட் 1990ல் கொண்டுவந்த இந்த எழுத்துருவில் எழுத்துகளுக்குப் பதிலாகச் சிறு படங்கள் இருக்கும். அதில் 252ஆவது இடத்தில் டிக், 251ல் பெருக்கல் குறி. சாதாரண எழுத்துருவில் அந்த இடங்களில் இருப்பவை தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த 'யு'க்கள். அதாவது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் போட்டது டிக்கே அல்ல; டிக் போல வேஷம் போட்ட ஓர் எழுத்து. எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். பழைய ஆபீஸ் மின்னஞ்சல்களில் வாக்கியத்தின் முடிவில் சம்பந்தமில்லாமல் ஆங்கில 'ஜே' எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் விங்டிங்ஸில் புன்னகை முகம்தான்.

இதற்குத் தீர்வு, யூனிகோடில் தனக்கென்று சொந்த எண் உள்ள அடையாளத்தைப் போடுவது. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் கர்சரை வைத்துக்கொண்டு, இன்சர்ட் டேபில் 'சிம்பல்' கிளிக் செய்யவும். கர்சர் எழுத்துக் கட்டத்துக்குள் இல்லாவிட்டால் இந்தப் பிரிவு மங்கலாகவே இருக்கும். வரும் பாக்ஸில் எழுத்துருவாக 'சேகோ யுஐ சிம்பல்' தேர்ந்தெடுத்து, கீழே 'கேரக்டர் கோட்' என்ற இடத்தில் 2713 என டைப் செய்தால் டிக் மார்க். 2717 பெருக்கல் குறி. 2192 வலப்பக்க அம்பு. 'இன்சர்ட்' கிளிக் செய்து மூடவும். ஆபீஸ் 2019 அல்லது மைக்ரோசாப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு இன்சர்ட் டேபில் 'ஐகான்ஸ்' என்றே தனியாக ஒன்று உண்டு. அவை எழுத்துகள் அல்ல, படங்கள். எனவே வேஷம் கலையும் பயமில்லை, நிறமும் மாற்றலாம்.

தமிழ்க் கேப்ஷனுக்கும் இதே ஆபத்து உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டவைதான். வேறு கம்ப்யூட்டரில் உங்கள் கேப்ஷன் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். அதிலும் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். நமக்குப் பழகிய லதா, விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ள நிர்மலா யுஐ எழுத்துருவைப் பயன்படுத்தினால் தொல்லை இல்லை. வேறு அழகான எழுத்துரு வேண்டும் என்றால், 'பைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' சென்று 'எம்பெட் பான்ட்ஸ் இன் த பைல்' என்பதில் டிக் செய்து சேவ் செய்யவும். அனுமதிக்கும் எழுத்துரு என்றால் அது பைலோடு சேர்ந்தே பயணிக்கும்.

படத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்தால், உருவாக்கியவர் பெயரைச் சிறிய எழுத்தில் கேப்ஷனின் முடிவில் போடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள பல படங்களுக்கு உருவாக்கியவர் பெயரும் உரிமத்தின் பெயரும் குறிப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை. அந்தப் பைலை மற்றவர்களுக்கும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று: படத்தில் ரைட் கிளிக் செய்து 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற பிரிவில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். திரையில் தெரியாது. ஆனால் பார்வையற்ற ஒருவர் ஸ்கிரீன் ரீடர் மூலம் உங்கள் ஸ்லைடைத் திறந்தால், அது அவருக்கு வாசித்துக் காட்டும் கேப்ஷன் அது.

எல்லாம் முடிந்ததும் பிரசன்டேஷனை பிடிஎப் ஆகவும் ஒரு பிரதி சேவ் செய்து, இரண்டையும் ஒரே பென் டிரைவில் வையுங்கள். பிடிஎப்பில் அனிமேஷன் இருக்காது, ஆனால் எழுத்தும் அம்பும் இடம் மாறாது. ரிவியூ ஹாலில் என்னிடம் அது இருந்திருந்தால் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்திருக்க மாட்டார்.

சித்தி திரும்பவும் அந்தப் பாடத்தை நடத்தி, மறுபடி தேர்வு வைத்தார். வலம் இடம் மாற்றி எழுதியவர்கள் இந்த முறை நான்கு பேர்தானாம். அந்த நான்கு பேரும் முந்தின வகுப்புக்கு வரவில்லை என்று அழுத்திச் சொன்னார். இப்போது சிறுநீரகப் பாடத்துக்குப் படம் தேடிக்கொண்டிருக்கிறார். "இதுல எந்தப் பக்கம்டா இடது?" என்று கேட்டு நேற்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது.